ஒட்டகத்துக்கு இடமில்லாத பாலைவனம்: விலங்கு வாழிட மாதிரிப் பெட்டி ஒன்றின் மதிப்புரை

ஐந்து வாழிடங்களை ஐந்து அட்டைப் பேழைகளுக்குள் குழந்தைகளே அமைத்துவிடலாம் என்று சொல்லி விற்கப்படும் கைவினைப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒன்பது வயது மகளோடும் தங்கையின் ஆறு வயது மகனோடும் உட்கார்ந்து, மூன்று வாரங்களில் முழுவதையும் செய்து முடித்தேன். பாலைவனம், துருவம், மழைக்காடு, கடல், குளம் என்று ஐந்து படங்கள் போட்ட இத்தகைய பெட்டிகள் பல பெயர்களில் கிடைப்பதாலும், குறைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதாலும், இதன் பெயரை இங்கே சொல்லவில்லை. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் செய்முறைக் கையேட்டைக் குழந்தைகள் பார்ப்பதற்கு முன்பே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள்.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையேடு காட்டும் வழியில் போனால் ஐந்து அழகான காட்சிகள் கிடைக்கும். ஒரு வாழிடமும் கிடைக்காது. ஒரு விலங்கு எங்கே தூங்கும், எதைத் தின்னும், எங்கிருந்து நீர் குடிக்கும், யாருக்குப் பயந்து எங்கே ஒளியும் என்ற கேள்விகளுக்கு இடம் கொடுத்தால்தான் அட்டைப் பேழை வாழிடமாகிறது. அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடப் பதினாறு பக்கக் கையேடு கேட்கவில்லை. கேட்டது எங்கள் வீட்டு ஆறு வயதுக்காரன்தான்.

முதலில் பெட்டிக்குள் இருப்பவை. மடித்து ஒட்டவேண்டிய அட்டைப் பேழைகள் ஐந்து. ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் அகலம், 20 உயரம், 15 ஆழம். பின்புறத்தில் ஒட்டுவதற்கு அச்சிட்ட காட்சித் தாள்கள் ஐந்து. பிளாஸ்டிக் விலங்குகள் இருபத்து நான்கு. ஒரு பை மணல், ஒரு சுருள் பஞ்சு, பச்சைச் சாயமேற்றிய காய்ந்த பாசி, தெர்மோகோல் துண்டுகள், நீல நிறச் செலோபேன் தாள், ஆறு குப்பி வண்ணம், இரண்டு தூரிகை, சிறிய புட்டியில் வெள்ளைப் பசை. இவற்றோடு, இருக்கவே கூடாத ஒரு பொருளும் இருந்தது. அதைக் கடல் பேழையைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

தரத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. அட்டை தடிமனானது, மடிப்புக் கோடுகள் துல்லியமாகக் கீறப்பட்டிருப்பதால் குழந்தைகளே மடித்துவிட முடிகிறது. விலங்கு உருவங்களின் வார்ப்பு எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. தவளையின் பின்கால் விரல்களுக்கிடையே இருக்கும் சவ்வுகூடத் தெரிகிறது. வண்ணங்கள் நீரில் கரைபவை. துணியில் பட்டாலும் துவைத்தால் போய்விடுகின்றன. பாசிக்கு மட்டும் ஒரு நாற்றம் இருக்கிறது, அதன் சாயம் விரலில் இரண்டு நாள் நிற்கிறது. பசைப் புட்டி முதல் பேழையிலேயே தீர்ந்துபோகும் அளவுதான். வேறு பெரிய புட்டி ஒன்றை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

பாலைவனத்திலிருந்து தொடங்கினோம். கையேட்டின்படி, பேழையின் தரை முழுவதும் பசை பூசி, மணலைக் கொட்டி, காய்ந்ததும் ஒட்டகம், ஃபெனெக் நரி, பாம்பு, தேள் ஆகியவற்றை நிறுத்தி, இரண்டு கள்ளிச் செடிகளை நட்டுவிட்டால் வேலை முடிந்தது. செய்து பார்த்தோம். மறுநாள் காலை தரை படகுபோல் வளைந்திருந்தது. வெள்ளைப் பசையில் உள்ள நீரை அட்டை ஒரு பக்கத்தில் மட்டும் உறிஞ்சிக் காய்ந்தால் அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும். கையேடு இதைச் சொல்லியிருக்க வேண்டும். அடிப்பக்கத்திலும் அதே அளவு பசையை மெல்லப் பூசி, தட்டையான பலகையின் மேல் வைத்து, பழைய அகராதிகள் இரண்டைச் சுமையாக ஏற்றி ஒரு நாள் விட்டபின் தரை நேராகிவிட்டது. மணலையும் ஒரே தடவையில் கொட்டாமல், பசை பூசித் தூவி, காயவிட்டு, கவிழ்த்துத் தட்டி, மறுபடி தூவி என்று மூன்று படலமாகச் செய்தால் உதிராமல் நிற்கிறது.

அதன்பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. மருமகன் நரியைக் கையில் எடுத்து இங்குமங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "மாமா, இது எங்க தூங்கும்?" என்றான். பேழையில் மணல்தளம், இரண்டு கள்ளி, அச்சிட்ட நீல வானம் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. ஃபெனெக் நரி சகாராவின் கடும் பகலை மண்ணுக்கடியில் தோண்டிய வளையில் கழித்துவிட்டு, இரவில் வெளிவந்து இரை தேடும் விலங்கு. உடம்போடு பொருந்தாத அளவுக்குப் பெரிய அதன் காதுகள், மணலுக்கடியில் ஊரும் பூச்சியின் அரவத்தைக் கேட்கவும் உடலின் வெப்பத்தை வெளியேற்றவும் பயன்படுகின்றன. வளையில்லாத பாலைவனத்தில் அதற்கு ஒரு பகல்கூடத் தாங்காது. பெட்டி தந்த பேழையில் வளை தோண்ட ஆழமே இல்லை.

ஆகவே ஒரு பழைய ஷூ பெட்டியை எடுத்துப் பேழைக்கு அடியில் வைத்து ஒட்டினோம். மேல்தளத்தின் தரையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, அங்கிருந்து சரிந்து இறங்கும் சுரங்கத்தை அட்டைக் குழாயால் செய்து, ஷூ பெட்டியின் முன்பக்கத்தை முழுவதும் வெட்டியெடுத்துவிட்டு, உள்ளே மரத்தூளையும் பசையையும் குழைத்துப் பூசினோம். இப்போது எதிரே நின்று பார்த்தால் மேலே வெயில் காயும் மணலும், கீழே இருளில் சுருண்டு கிடக்கும் நரியும் ஒருசேரத் தெரிகின்றன. நிலத்தை நறுக்கிக் காட்டும் இந்த உத்தி பழையது. விலங்குகளைப் பஞ்சடைத்து உயிருள்ளவைபோல் ஆக்கும் கலைஞரான கார்ல் ஏக்லி 1890-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகர அருங்காட்சியகத்துக்காக அமைத்த மஸ்க்ராட் காட்சி, வாழிட டயோரமாக்களின், அதாவது விலங்கை அதன் சூழலோடு சேர்த்து அமைக்கும் முப்பரிமாணக் காட்சிகளின், முன்னோடி என்று போற்றப்படுவது. சதுப்பில் வாழும் அந்தக் கொறிவிலங்குகளை அவர் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் சேர்த்துக் காட்டினார். ஒரு விலங்கைப் பஞ்சடைத்து நிறுத்திவைத்தால் அதன் உருவம் மட்டுமே தெரியும், அதன் வீட்டையும் சேர்த்துக் காட்டினால்தான் வாழ்க்கை தெரியும் என்பதை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். இதை ஒரு விளையாட்டுப் பெட்டி மறந்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அடுத்தது கள்ளி. பெட்டியில் வந்தவை, இருபுறமும் கையை உயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளிகள். அவை வட அமெரிக்காவின் சோனோரன் பாலைவனத்துக்கே உரியவை. ஒற்றைத் திமில் ஒட்டகமும் ஃபெனெக் நரியும் அவற்றுக்குப் பெருங்கடல் தாண்டிய அயலார். பாலைவனம் என்றால் கள்ளி, கள்ளி என்றால் பாலைவனம் என்று படக்கதைகள் பழக்கிவிட்டதால் தயாரித்தவருக்கும் இது உறுத்தவில்லை போலும். நிலத்தையும் அதற்கே உரிய விலங்கு, பறவை, மரம், பூ ஆகியவற்றையும் ஒரே முடிச்சாகக் கட்டி, அவற்றைக் கருப்பொருள் என்று பெயரிட்டு அழைத்த மொழியில் வளரும் குழந்தைக்கு இந்தக் குழப்பத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கள்ளிகளை எடுத்துவிட்டு, காய்ந்த சிறு குச்சியில் பாசியைக் கிள்ளி ஒட்டி, தட்டையாக விரிந்த குடையைப் போல ஒரு வேலமரம் செய்து நட்டாள் மகள்.

மூன்றாவது, அளவு. பெட்டியிலிருந்த ஒட்டகம் 7 சென்டிமீட்டர் உயரம். நரி 5 சென்டிமீட்டர். உண்மையில் ஒட்டகத்தின் தோள் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஃபெனெக் நரியின் தோளோ சுமார் 20 சென்டிமீட்டர்தான். பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் நரி 7 மில்லிமீட்டராக அல்லவா இருந்திருக்க வேண்டும்? மகள் அளவுகோலை வைத்து அளந்து, தாளில் கோடு போட்டுப் பார்த்து, "அப்பா, நரி ஒட்டகத்தையே தின்னுடும்போல இருக்கே" என்றாள். மூன்றாம் வகுப்புப் பெருக்கல் வாய்ப்பாடு இவ்வளவு ஆர்வத்தோடு பயன்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இறுதியில், பிளாஸ்டிக் ஒட்டகத்தை வெளியே எடுத்துவிட்டு, பின்திரையின் தொடுவானக் கோட்டுக்கு அருகே, நகத்தின் அளவில் மூன்று ஒட்டகங்களை அவளே தூரிகையால் வரைந்தாள். நரி முன்னால் அண்மையில் இருக்கிறது, ஒட்டகம் தொலைவில் போகிறது. கண்ணுக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

அந்தப் பின்திரையைப் பற்றி ஒரு சொல். கையேடு அதைப் பேழையின் பின்சுவரில் தட்டையாக ஒட்டச் சொல்கிறது. அப்படி ஒட்டினால் இரண்டு மூலைகளும் செங்குத்துக் கோடுகளாகத் தெரிந்து, வானம் ஒரு சுவர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். தாளை மூலைகளில் மடிக்காமல், இடப்புறச் சுவரிலிருந்து வலப்புறச் சுவர்வரை வில்லாக வளைத்து, இரு ஓரங்களில் மட்டும் ஒட்டிப் பாருங்கள். மூலை மறைந்துவிடும், வானத்துக்கு ஆழம் வந்துவிடும். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஏக்லி இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1936-இல் திறக்கப்பட்ட, அவர் பெயர் தாங்கிய ஆப்பிரிக்க விலங்குகள் மண்டபத்தின் 28 காட்சிகளிலும் பின்சுவர் வளைந்த ஓவியமாகவே இருக்கிறது. தரையின் மணல் முடிந்து ஓவியத்தின் மணல் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்வதுதான் அந்த ஓவியர்களின் பெருமை. நாங்கள் அந்தக் கோட்டின் மீது சிறு கற்களையும் காய்ந்த புல்லையும் வைத்து ஒருவாறு மறைத்தோம். தாள் அச்சின் நிறமும் மணலின் நிறமும் ஒத்துப்போகவில்லை என்பதால் மணலையே கொஞ்சம் எடுத்துத் திரையின் அடிப்பகுதியிலும் தூவி ஒட்டினோம்; அது நன்றாகவே அமைந்தது.

துருவப் பேழையில் பனிக்கரடியும் பென்குயின்களும் ஒரே பனிப்பாறையின் மேல் நிற்கும்படி கையேட்டில் படம் போட்டிருக்கிறார்கள். பனிக்கரடி வடதுருவப் பகுதிக்கு உரியது. பென்குயின்களோ தென்கோளத்தவை, நிலநடுக்கோட்டை ஒட்டிய காலபகோஸ் தீவுகளில் வாழும் இனத்தைத் தவிர வேறெந்தப் பென்குயினும் வடக்கே எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று கண்ணால் கண்டதே இல்லை என்பதை மருமகனிடம் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. "பாவம், தெரியாமலேயே இருக்காங்களா?" என்று கேட்டான். பென்குயின்களை எடுத்துத் தனியே வைத்தோம்.

இந்தப் பேழையில் நேர்ந்த விபத்துக்கு நானே பொறுப்பு. வெள்ளைப் பசை காய்வதற்குள் தெர்மோகோல் துண்டுகள் சரிந்துகொண்டே இருந்ததால், பொறுமையிழந்து, வீட்டிலிருந்த செருப்பு ஒட்டும் பசையை எடுத்துப் பூசினேன். சில நொடிகளில் தெர்மோகோல் சீறி உருகி, பனிப்பாறையின் வயிற்றில் முட்டையளவு குழி விழுந்தது. தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை ஊதிப் பெருக்கச் செய்தது. டொலுயீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் கலந்த பசைகளும், தெளிப்பு வண்ணங்களில் பெரும்பாலானவையும் அதைக் கரைத்துவிடும். தெர்மோகோல் தரும் பெட்டியின் கையேட்டில் இந்த எச்சரிக்கை முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அந்த ஆவியும் குழந்தைகள் மூச்சில் இழுக்கக்கூடியதன்று. சன்னல்களைத் திறந்துவிட்டு அன்றைய வேலையை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் நான் அந்தப் பாறையைத் தூக்கிப்போடப் போனபோது மகள் தடுத்தாள். "குகை வந்துடுச்சுப்பா, இது அம்மா கரடியோட வீடு." அவள் சொன்னது சரி. கருவுற்ற பெண் பனிக்கரடி குளிர்காலத்தின் தொடக்கத்தில் பனியில் குழி தோண்டி உள்ளே புகுந்துகொண்டு, அங்கேயே குட்டிகளை ஈன்று, இளவேனில் வரை வெளியே வராமல் பால்கொடுத்து வளர்க்கிறது. பிறக்கும் குட்டி அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமும் மட்டுமே கொண்டது. எங்கள் கரடி உருவம் 8 சென்டிமீட்டர் நீளம் என்பதால், சுண்டுவிரல் நகமளவு களிமண் உருண்டைகள் இரண்டை உருட்டி, ஊசியால் காது கிள்ளி, வெள்ளை பூசி உள்ளே வைத்தோம். ஐந்து பேழைகளில் விருந்தினர் அனைவரும் குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பது இந்தக் குழியைத்தான். பஞ்சைப் பற்றி ஒரு குறிப்பு: அப்படியே ஒட்டினால் பஞ்சாகவே தெரியும், பசையும் நீரும் சமமாகக் கலந்த கரைசலில் நனைத்து, பிழிந்து, மெல்லியதாக இழுத்துப் போர்த்தினால் காய்ந்தபின் உறைந்த பனிபோல் விறைத்து நிற்கும்.

மழைக்காட்டுப் பேழையில் புலி, கொரில்லா, டூக்கன் பறவை ஆகிய மூன்றும் இருந்தன. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று கண்டத்துக்கு ஒன்று. புலியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் வெளியேற்றினோம். மழைக்காடு என்றால் தரையிலிருந்து உச்சிவரை மாடிமாடியாக இருக்கும் உலகம் என்பதும், அடர்ந்த மேல்விதானத்தைக் கடந்து தரைக்கு இறங்கும் வெளிச்சம் மிகச் சொற்பம் என்பதும் பெட்டியில் எங்கும் தெரியவில்லை. எல்லா விலங்குகளும் தரையில்தான் நிற்கின்றன. பேழையின் மேல்மூடியில் பச்சைத் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி உள்ளே இருட்டாக்கினோம், புலியின் வரிகள் அந்த இருட்டில் உடைந்து மறைவதைப் பார்த்தபின் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பொருள்களைப் பொறுத்தவரை ஐந்தில் நலிந்தது இதுதான். பாசி பாதித் தரைக்குக்கூடப் போதவில்லை.

கடல் பேழைக்கு வருகிறேன். மேலே சொன்ன, இருக்கக் கூடாத பொருள் இதற்காகக் கொடுக்கப்பட்டது: நீரில் போட்டால் ஊதிப் பெருகும் நிறமணிகள். உளுந்தளவு இருக்கும் மணி, சில மணி நேரத்தில் கோலிக்குண்டாகிவிடும். கடல்நீர்போல் மின்னும் என்று கையேடு அதன் அழகைப் புகழ்கிறது. இதைக் குழந்தை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள்ளும் அப்படியே பெருகிக் குடலை அடைக்கும். அறுவை சிகிச்சை வரை போன நேர்வுகளும் உயிரிழப்புகளும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் எளிதில் தெரியாது என்பதால் மருத்துவர் கண்டுபிடிப்பதும் கடினம். மேலட்டையில் ஐந்து வயது முதல் என்று அச்சிட்டு, உள்ளே இப்படியொரு பொட்டலத்தை வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. குழந்தைகள் அறியுமுன் அதை எடுத்து அப்புறப்படுத்திவிட்டேன். இந்தப் பெட்டியை வாங்குபவர்கள் அனைவரும் முதல் வேலையாக அதையே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்காகவே மதிப்பெண்ணில் பாதியைக் குறைக்கிறேன்.

மற்றபடி கடல்தான் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த பேழை. பவளத்திட்டு, கோமாளி மீன், சுறா, எண்காலி, தூண்டில் மீன் ஆகியவை கொடுக்கப்பட்டிருந்தன. பவளப் பூச்சிகளின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் உணவு சமைத்துத் தருவதால்தான் பவளத்திட்டுகள் ஒளி புகும் ஆழமற்ற நீரில் வளர்கின்றன. தலையில் விளக்கேந்தித் திரியும் தூண்டில் மீனோ, வெயிலே எட்டாத ஆழ்கடலின் குடி. நெற்றியில் விளக்கு எதற்கு என்று கேட்டாலே அதன் முகவரி தெரிந்துவிடும். அதுவும் வெளியேறியது. கோமாளி மீனுக்கு அதன் வீடான கடல் சாமந்தியைத் தரவில்லை. ரப்பர் கையுறை ஒன்றின் விரல்களை மெல்லிய நாடாக்களாக நறுக்கிக் கட்டி, நுனிகளில் இளஞ்சிவப்பு தொட்டுச் செய்துகொண்டோம். காற்றில் அசையும்போது உயிருள்ளதுபோலவே இருக்கிறது.

மீன்களைத் தொங்கவிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஒற்றை நூலில் கட்டினால் மீன் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். தலைக்கு அருகில் ஒன்று, வாலுக்கு அருகில் ஒன்று என இரண்டு நூல்களைக் கட்டி, மேல்மூடியில் சற்றே இடைவெளிவிட்டு ஒட்டினால் அது திசை மாறாமல் நீந்தும். வால்நூலை அரை சென்டிமீட்டர் உயர்த்தினால் கீழ்நோக்கிப் பாயும். சுறாவை அப்படித்தான் தொங்கவிட்டோம். மேல்மூடியில் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, நீலச் செலோபேன் ஒட்டி, மேலிருந்து கைவிளக்கை அடித்தபோது பேழை முழுவதும் கடலாகிவிட்டது. அதோடு கோமாளி மீனின் ஆரஞ்சு நிறம் மங்கிச் சாம்பலானதை மகள் கவனித்தாள். கடலிலும் நடப்பது அதுவே. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு வெளிறத் தொடங்குகிறது. பெட்டியைத் தயாரித்தவர் நினைக்காமலே கொடுத்துவிட்ட பாடம் இது, செலோபேன் தாளுக்கு நன்றி.

குளத்துப் பேழையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. இதை மட்டும் யாரோ குளத்தங்கரையில் உட்கார்ந்து பார்த்தவர் வடிவமைத்திருக்க வேண்டும். தவளை மட்டும் வராமல், முட்டைத் திரள், தலைப்பிரட்டை, கால் முளைத்த தலைப்பிரட்டை, வால் சுருங்கும் இளந்தவளை என்று அதன் வாழ்க்கை முழுவதும் வந்திருக்கிறது. தும்பிக்கும் அப்படியே, நீருக்கடியில் வாழும் அதன் இளவுயிரி தனி உருவமாக இருக்கிறது. நீர்மட்டத்தைக் குறிக்கும் செலோபேன் தாளைப் பேழையின் நடு உயரத்தில் இழுத்து ஒட்டும்படி பள்ளங்கள் வெட்டப்பட்டிருப்பதால் மேலுலகமும் கீழுலகமும் பிரிந்து தெரிகின்றன. தாளை முதலில் கையில் கசக்கி, பிறகு நீவி விரித்து ஒட்டினால் அலைநெளிவு தானாக வந்துவிடும். இதே கவனத்தை மற்ற நான்கிலும் காட்டியிருந்தால் இந்த மதிப்புரை இவ்வளவு நீளமாக இருந்திருக்காது.

இரண்டு மணி நேரத்தில் செய்துவிடலாம் என்ற மேலட்டை வாசகத்தை நம்ப வேண்டாம். வெள்ளைப் பசை தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே அரைமணி நேரம் போகிறது. முழுவதும் இறுகுவதற்கு ஒரு நாள் வேண்டும். ஒரு பேழைக்கு மூன்று அல்லது நான்கு மாலைப்பொழுதுகள் என்று வைத்துக்கொண்டால் சண்டையில்லாமல் முடியும். விரைவுக்காகச் சூடான பசைத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம் என்று கையேடு பரிந்துரைக்கிறது. அதன் முனையில் உருகும் பசை கொதிநீரைவிடச் சூடானது, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். பெரியவர் கையில் மட்டுமே இருக்க வேண்டியது. துளையிடுவதும் அட்டை வெட்டுவதும் என் வேலை, ஒட்டுவதும் பூசுவதும் அவர்கள் வேலை என்று முதலிலேயே பிரித்துக்கொண்டோம்.

வயதைப் பற்றி: ஐந்து என்பது குறைவு. ஆறு வயதுக்காரனால் மணல் தூவவும் களிமண் உருட்டவும் முடிந்தது. நூல் கட்டுவதும் அளவு பார்ப்பதும் ஒன்பது வயதுக்காரியால்தான் ஆயிற்று. வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த வயதினரின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. தலைப்பிரட்டை, தேள், முட்டைத் திரள் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும்.

நேரம் இல்லாதவர்கள், படத்தில் இருப்பதுபோல் வந்தால் போதும் என்பவர்கள் இதை வாங்கிக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தால் பணம் வீண். பனிக்கரடியும் பென்குயினும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும். களிமண்ணும் காலிப் பெட்டியும் கைவசம் வைத்திருந்து, விலங்கைத் தாங்களே செய்துகொள்ளக் கூடிய குழந்தைகளுக்கு இது தேவையே இல்லை. இடைப்பட்டவர்களுக்கு, அதாவது உருவம் செய்ய வராது, ஆனால் கேள்வி கேட்கப் பிடிக்கும் என்ற நிலையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, அந்த இருபத்து நான்கு உருவங்களுக்காகவும் குளத்துப் பேழைக்காகவும் இதை வாங்கலாம். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். நீரில் ஊதும் மணிகளை எடுத்துவிட்டு, கள்ளிகளுக்குப் பதில் ஒரு வேலமரத்தைச் சேர்த்து, பாலைவனத்துக்கு ஆழமான பேழை கொடுத்தால் நான்கு கொடுக்கத் தயங்கமாட்டேன்.

வெளியேற்றப்பட்ட ஒட்டகம், மூன்று பென்குயின்கள், கொரில்லா, டூக்கன், தூண்டில் மீன், இரண்டு கள்ளி ஆகியவை இப்போது சன்னல் திட்டில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு வீடு எங்கே என்று மருமகன் தினமும் கேட்கிறான். தூண்டில் மீனுக்கு உட்புறம் முழுவதும் கறுப்பு பூசிய பெட்டி ஒன்று போதும், அதன் விளக்கு மட்டும் எரிய வேண்டும் என்று மகள் திட்டம் போட்டிருக்கிறாள். வீட்டுக்கு வரும் எந்த அட்டைப் பெட்டியையும் என் விருப்பத்துக்குக் கிழித்துப்போடக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் இதுவரை ஏழு சேர்ந்திருக்கின்றன.